தன்கா: ரஞ்சன்குடிக் கோட்டையும் ஒரு மஹல்லாவின் பேரேடும்



சென்ற ஆண்டு நமக்குப் பழக்கமான ஒரு மஹல்லாவின் பொதுக்குழுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். அங்கே நெடுங்காலம் இமாமத் செய்த ஹஜ்ரத் அவர்கள், ருகூஉவுக்குக் குனியவும் முழங்கால் இடங்கொடாத நிலையில், பணியிலிருந்து விடுபட விரும்பினார்கள். பொருளாளர் பேரேட்டை விரித்து வாசித்தார். மின் கட்டணம், ஹவ்ளு மோட்டார் பழுது, ரமலான் கஞ்சிக்கு அரிசி, சுண்ணாம்பு அடித்த கூலி, ஹஜ்ரத்தின் மாதச் சம்பளம் என்று எல்லாம் ரூபாய் சுத்தமாக இருந்தன. பணி முடித்துப் போகிறவருக்குத் தரவேண்டியது என்று மட்டும் ஒரு வரியும் இல்லை.

துபாயில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய ஒருவர் எழுந்தார். "பாய், நான் அங்கே கடையில் சரக்குத் தூக்கியவன். திரும்பும்போது முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதுக்கு மேலே வருஷம் 30 நாள் சம்பளம்னு கணக்குப் போட்டு சர்வீஸ் பணம் கையில கொடுத்தாங்க. நம்ம ஹஜ்ரத்துக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஜும்ஆவில் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்தார்கள். ஹஜ்ரத் அதனை வாங்கிக்கொண்டபோது எவர் முகத்தையும் நோக்கவில்லை.

அன்றிரவு நம் மனத்தில் ஒரு சொல் சுற்றிச் சுற்றி வந்தது. நம் பகுதியில் உருது பேசும் குடும்பங்களில் சம்பளத்தைத் 'தன்கா' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன் இதே சொல் சென்னைக் கோட்டையின் ஆங்கிலக் கணக்குகளிலும், பின்னர் லண்டன் பாராளுமன்றத்தின் உரைகளிலும் அடிபட்டது. அங்கே அதன் பொருள் வேறு. ஒரு சீமையின் வரி வசூலைக் கடன் கொடுத்தவனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டையே அவர்கள் தன்கா என்றார்கள். சம்பளத்தைக் குறிக்கும் சொல் கடன் சீட்டுக்குப் பெயரான கதை நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணையும் தொட்டுச் செல்வது.

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். நம் மதரஸாப் பிள்ளைகளை விடுமுறையில் அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். அகழி, அடுக்கடுக்கான மதில்கள், உச்சியில் பீரங்கி மேடை. ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஒரு ஜாகிர்தார் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்று வரலாறு கூறுகிறது. ஜாகிர்தார் யார் என்று பிள்ளைகள் கேட்டால் 'குறுநில மன்னர்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது சரியான விடையன்று. முகலாய ஆட்சிமுறையில் ஓர் அதிகாரிக்கு இத்தனை ரூபாய் ஊதியம் என்று தர நிர்ணயம் உண்டு. அதனைக் கருவூலத்திலிருந்து ரொக்கமாகக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்தத் தொகை தேறக்கூடிய சில ஊர்களின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமையை எழுதிக் கொடுப்பார்கள். அதுவே ஜாகிர். ஊதியத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதால் அதற்குத் 'தன்கா ஜாகிர்' என்றும் பெயர். ஆக, அதிகாரியின் சம்பளம் அரசின் செலவுப் பக்கத்தில் எழுதப்படாமல், உழவனின் களத்துமேட்டில் நேரே அளக்கப்பட்டது. வசூல் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பதற்கு இடையே உள்ள வித்தியாசத்தைத் தில்லியின் கணக்கர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு முறையை நாம் ஏற்கெனவே அறிவோம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வெற்றிகொண்ட நிலங்களைப் படையினருக்குப் பங்கிட்டுத் தரவில்லை. வரியைப் பைத்துல்மாலில் சேர்த்து, பெயர் பெயராகப் பதிவேடு எழுதி, ரொக்கமாக உதவித்தொகை வழங்கினார்கள். அந்தப் பதிவேட்டின் பெயர்தான் திவான். முதல் முஹாஜிர்களுக்கு 4,000 திர்ஹம் எழுதியபோது தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு 3,500 மட்டுமே எழுதினார்கள் என்ற செய்தி புகாரீயில் வருகிறது. அவரும் முஹாஜிர்தாமே என்று கேட்டவர்களுக்கு, அவரைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள், தாமாக ஹிஜ்ரத் செய்தவர்களுக்கு அவர் சமமல்லர் என்று விடை. ஆட்சித் தலைவரின் மகனுக்கு எவ்வளவு என்பதை ஊரார் கேள்வி கேட்கும்படி அது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. பின்னாளில் 'திவான்' என்ற சொல்லும் அலைந்து திரிந்து நவாபு தர்பாரின் வருவாய் அமைச்சருக்குப் பெயராயிற்று. பெயர் வந்து சேர்ந்த அளவுக்குப் பதிவேட்டின் ஒழுங்கு வந்து சேரவில்லை.

1751இல் ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் வட்டாரத்தில் போர் நடந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாஹிபின் பின்னால் பிரெஞ்சுக்காரர். முஹம்மது அலியின் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. 1752இல் சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். முஹம்மது அலி நவாபாக நிலைத்தார். 1795 வரை வாழ்ந்த அவரைத்தான் 'வாலாஜா' என்ற பட்டப்பெயரால் சென்னை இன்றும் ஒரு சாலைக்குப் பெயரிட்டு நினைவுகூர்கிறது. வென்றவர் தலையில் போர்ச் செலவு விழுந்தது. கம்பெனியின் படைக்கு ஆன பணத்தை நவாபு தவணை தவணையாகக் கட்ட வேண்டும். அரியலூர், உடையார்பாளையம் போன்ற பாளையங்களிலிருந்து வரவேண்டிய பேஷ்குஷ் உரிய நேரத்தில் வருவதில்லை. கம்பெனியோ தவணை தவறினால் பொறுப்பதில்லை. நவாபுக்கு அவசரமாக ரொக்கம் தேவைப்பட்டது. அந்த ரொக்கத்தைக் கடனாகக் கொடுக்க வந்தவர்கள் யார் தெரியுமா? கம்பெனியின் ஊழியர்களேதாம்.

அவர்களுடைய சம்பளத்தைப் பார்த்தால் இது நம்பக்கூடியதாகத் தோன்றாது. கம்பெனியில் 'ரைட்டர்' என்ற அடிநிலை எழுத்தர் வேலையில் சேர்பவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு. 1744இல் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவ் அந்தச் சம்பளத்துக்குத்தான் வந்தார். மேல்நிலை அதிகாரிகளின் ஊதியமும் அவர்கள் நடத்திய வாழ்க்கைக்கு எவ்விதத்திலும் பொருந்தாதது. லண்டன் இயக்குநர்களின் பேரேட்டில் சென்னை நிர்வாகம் மிக மலிவான நிர்வாகம். குறைந்த சம்பளத்தை ஊழியர்கள் சொந்த வணிகத்தால் ஈடுகட்டிக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த, எவரும் எழுதிவைக்காத ஏற்பாடு. வணிகத்தைவிட இலாபமான ஒன்றை அவர்கள் நவாபிடம் கண்டுகொண்டார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை வட்டி போனது. பின்னர்தான் படிப்படியாகக் குறைந்தது. வட்டியின் கொடுமையை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நவாபு அசலையும் கட்டவில்லை, வட்டியையும் கட்டவில்லை. அதற்குப் பதிலாக மாவட்டங்களின் வரியின் மீது தன்காச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வைத்திருப்பவரின் துபாஷும் குமாஸ்தாவும் அறுவடை நேரத்தில் ஊருக்குள் இறங்குவார்கள். வரிக் குத்தகைதாரர் முதலில் அவர்களுக்குக் கட்ட வேண்டும், பிறகு நவாபின் ஆட்களுக்கு, பிறகு தமக்கு. மூன்று பங்கும் ஒரே களத்து நெல்லிலிருந்து வந்தாக வேண்டும். கம்பெனியின் பேரேட்டில் மிச்சமான சம்பளம் இப்படித்தான் காவிரிக் கரையிலும் வெள்ளாற்றுக் கரையிலும் வசூலானது. எழுதப்படாத ஊதியத்தைச் செலுத்தியவர் பெயரும் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

பால் பென்ஃபீல்டு என்பவரின் கணக்கு ஒன்றே போதும். 1764 வாக்கில் சென்னைக்கு வந்த கம்பெனி ஊழியர் இவர். நவாபு 1773இல் கைப்பற்றிய தஞ்சாவூரை அதன் அரசருக்கே திருப்பித் தரும்படி லண்டன் கட்டளையிட்டது. 1776இல் ஆளுநர் பிகட் அதனை நிறைவேற்றச் சென்றபோது பென்ஃபீல்டு குறுக்கே வந்து நின்றார். தஞ்சாவூர் வரியின் மீதும், வயலில் நின்ற பயிரின் மீதும் தமக்குச் சீட்டுகள் இருப்பதாகச் சொல்லி அவர் கேட்ட மொத்தத் தொகை 2,34,000 பவுண்டு. ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்குபவரிடம் கடன் கொடுக்க அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று பிகட் ஐயுற்றார். சபை உறுப்பினர்களின் பெரும்பான்மை பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தது. 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் தங்கள் சொந்த ஆளுநரையே அவர்கள் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே பிகட் இறந்தார். பென்ஃபீல்டோ 1780இல் இங்கிலாந்துப் பாராளுமன்ற உறுப்பினரானார். (கடைசியில் 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.)

1784இல் இந்தக் கடன்களை விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று சட்டம் கூறிற்று. ஆனால் கட்டுப்பாட்டு வாரியம் முறையான விசாரணையின்றியே கர்நாடகத்தின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், ஏறக்குறைய 4,80,000 பவுண்டு, கடன்காரர்களுக்கு ஒதுக்கியது. 1785 பிப்ரவரி 28ஆம் நாள் எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் இதனை எதிர்த்து நெடிய உரை ஆற்றினார். இக்கடன்களில் பெரும்பகுதி கடனே அல்ல என்பது அவருடைய வாதம். அன்று அவர் தோற்றார். 1801இல் கம்பெனி கர்நாடகத்தின் ஆட்சியை முழுமையாக எடுத்துக்கொண்டது. நம் வட்டாரமும் அதனுடன் கைமாறியது. 1805இல் கடன்களைச் சரிபார்க்க ஆணையர்கள் அமர்த்தப்பட்டு, பல்லாண்டுகள் சீட்டுச் சீட்டாக ஆராய்ந்தார்கள். வந்து குவிந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கும் மேல். உண்மையானவை என்று ஏற்கப்பட்டவை 27 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இந்த ஒரு புள்ளிவிவரத்துக்காகவே அந்த ஆணையர்களின் பொறுமையை நாம் பாராட்டலாம்.

இதற்கிடையே கம்பெனியும் பாடம் கற்றது. காரன்வாலிஸ் வங்காளத்தில் கலெக்டர்களின் சொந்த வணிகத்தைத் தடுத்து, மாதம் 1,500 ரூபாயும் வசூலில் ஒரு தரகும் என வெளிப்படையான ஊதியம் தந்தார். 1793ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், இத்தனை ஆண்டு பணி செய்தவருக்கே இத்தனை பவுண்டுப் பதவி என்று படிநிலை வகுத்தது. 500 பவுண்டுக்கு மேற்பட்ட பதவிக்கு மூன்றாண்டுப் பணி வேண்டும் என்பது அதன் முதற்படி. உயர்பதவிகள் கம்பெனியின் உடன்படிக்கை ஊழியர்களுக்கே என்றும் ஆயிற்று. அதாவது நம்மவர்களுக்கு இல்லை. ஊதியம் பேரேட்டுக்குள் வந்தது நல்லதே. ஆனால் எவருடைய பேரேட்டில்? லண்டனில் அமர்ந்து கம்பெனியை மேற்பார்த்த கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்பளமும் அதே சட்டத்தால் இந்திய வருவாயின் மீதே ஏற்றப்பட்டது. பின்னர் வந்த இந்திய அமைச்சரின் சம்பளத்தைப் பிரிட்டன் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ள 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓய்வூதியத்தின் கதை இன்னும் விந்தையானது. வங்காள நவாபு மீர் ஜாபர் 1765இல் இறக்கும்போது கிளைவுக்கு 5 லட்சம் ரூபாய் விட்டுச் சென்றார். கிளைவ் அதனைக் கம்பெனியின் ஊனமுற்ற படையினருக்கும் விதவைகளுக்கும் நிதியாக்கினார். ஒரு முஸ்லிம் நவாபின் பணத்தில் தொடங்கிய அந்த நிதி, கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தபின் வழக்காடிய கிளைவின் வாரிசுகளிடமே திரும்பிச் சென்றது. ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்குப் பதவி எதுவாயினும் ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஓய்வூதியம் என்பது வழக்கமாயிற்று. இங்கே உழைத்தவர் அங்கே போய் அமர்ந்து வாங்கும் அத்தொகை, 'ஹோம் சார்ஜஸ்' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் இந்தியக் கருவூலத்திலிருந்து கடல் கடந்தது. தாதாபாய் நவுரோஜி இந்தியாவின் செல்வக் கசிவைக் கணக்கிட்டபோது அவர் விரல் வைத்த இடங்களில் இதுவும் ஒன்று.

1930 மார்ச்சில் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய மடலில் அவருடைய மாதச் சம்பளம் 21,000 ரூபாயையும் ஓர் இந்தியரின் அன்றாட வருமானமான இரண்டணாவுக்குக் குறைந்த தொகையையும் அருகருகே வைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு கராச்சி மாநாடு, எந்த அரசு ஊழியருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது. 1937இல் சென்னையில் அமைந்த ராஜாஜி அமைச்சரவை அந்த 500 ரூபாயையே சம்பளமாக ஏற்றது. நம் சமுதாயத்தின் யாகூப் ஹசன் சாஹிப் அவ்வமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கவனித்தார்.

இன்றைய நிலை என்ன? அரியலூரிலேயே இரு வகைக் கணக்குகள் உண்டு. அங்கே 1979 முதல் இயங்கும் அரசு சிமெண்டு ஆலை, தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் என்ற நிறுவனத்துக்குரியது. நிறுவனச் சட்டத்தின் கீழ் இருப்பதால், ஒரு தொழிலாளி இவ்வாண்டு உழைத்ததற்கு நாளை தரவேண்டிய பணிக்கொடையை இவ்வாண்டின் கடனாகவே அது காட்ட வேண்டும். அதே ஊரிலுள்ள வட்டாட்சியர் அலுவலகத்தின் கணக்கு வேறு. அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு. இவ்வாண்டு கையிலிருந்து போனதுதான் செலவு. இருபது ஆண்டுகளுக்குப் பின் தரவேண்டிய ஓய்வூதியம், அந்நாள் வரும்வரை கடன் பக்கத்தில் தோன்றுவதில்லை. ஓய்வூதியம் அரசின் கருணையன்று, செய்து முடித்த பணிக்கான உரிமை என்று உச்சநீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உரிமை என்றால் எதிர்ப்பக்கத்தில் கடன் என்று பொருள். அந்தக் கடன் எவ்வளவு என்று அஞ்சித்தான் தமிழ்நாடு அரசு 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று மாற்றியது. ஊழியர் பத்து விழுக்காடு, அரசு பத்து விழுக்காடு. அதனை எதிர்த்து நடந்த போராட்டங்களைப் பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர் அலுவலக வாசல்களில் நாமே கண்டிருக்கிறோம்.

இனி அந்த மஹல்லாவுக்கு வருவோம். சில மாதங்களுக்குப் பின் பொருளாளர் பாய் நம் இல்லத்துக்கு வந்தார். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம். மாதத்துக்கு 26 வேலைநாள். மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 5,769 ரூபாய். மாதத்துக்கு 481 ரூபாய். "இவ்வளவுதானா ஹஜ்ரத்? மோட்டார் பழுதுக்கே இதைவிட அதிகம் ஆகுதே" என்றார் அவர்.

இவ்வளவுதான் அன்று என்பதையும் சொன்னோம். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவது. பத்தாம் ஆண்டில் சம்பளம் 20,000 ஆனால், கடந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் இரட்டிப்பாகத் தரவேண்டும். மாதம் 481 வீதம் ஒதுக்கிய பணம் பாதிதான் இருக்கும். ஆகவே சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளையும் திருப்பிக் கணக்கிட்டுக் குறையை நிரப்ப வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே கணிப்பாளர்களை அமர்த்துகின்றன. மஹல்லாவுக்கு ஒரு கால்குலேட்டர் போதும்.

ஓய்வுபெற்ற ஹஜ்ரத் அவர்கள் அரசு உலமாக்களுக்கு வழங்கும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கப் பொருளாளரே படிவங்களை எடுத்துச் சென்றிருக்கிறார். பேரேட்டில் இப்போது புதிதாக ஒரு பக்கம் இருக்கிறது. மேலே புதிய இமாமின் பெயர். அதன் கீழே மாதந்தோறும் ஒதுக்கும் தொகை. அடுத்த பக்கத்தில் பழைய ஹஜ்ரத்தின் பெயரும், அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளும், அவற்றுக்குக் கணக்கிட்ட தொகையும், அதிலிருந்து கழிக்கப்பட்ட அந்த ஜும்ஆ வசூலும் உள்ளன. வசூலாக வந்தது அன்பளிப்பு, அதனைக் கழிக்கக் கூடாது என்று துபாயிலிருந்து திரும்பியவர் வாதாடுகிறார். மீதியைப் பள்ளிவாசல் கடை வாடகையிலிருந்து கொடுப்பதா, தலைக்கட்டு வரியை உயர்த்துவதா என்பதும் முடிவாகவில்லை. பக்கத்தின் தலைப்பில் பொருளாளர் 'தரவேண்டியது' என்று எழுதிக் கீழே கோடிட்டிருக்கிறார். இரண்டும் வரும் பொதுக்குழுவில் பேசப்படும், இன்ஷா அல்லாஹ்.